கடைசித் தட்டு

கை சோற்றுக்குப் போகவில்லை. வனிதாவுக்கு இது புதிதில்லை, முப்பத்தேழு வருஷமாக இந்தக் கை இப்படித்தான். தட்டில் சோறு வந்தாகிவிட்டது, சாம்பார், பீன்ஸ் பொரியல், ஓரத்தில் உடைந்த அப்பளம் எல்லாம் வந்தாகிவிட்டது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த குழு உறுப்பினர்கள் பிசையவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் பரிமாறிய கஸ்தூரி சாம்பார் வாளியோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் நிற்கிற வரைக்கும் இந்தக் கை அசையாது. சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அதட்டிப் பார்த்தாகிவிட்டது, கல்யாணப் பந்திகளில் இந்தக் கையால் பட்ட அவமானம் கொஞ்சமா நஞ்சமா. ஆசாரமான அம்மா, சாமி கும்பிட்டுத்தான் சாப்பிடுவார் என்று ஆபீஸில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப்புண், மாத்திரை போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பொறுக்க வேண்டும் என்று மீதிப் பேரிடம் அவளே சொல்லி வைத்திருந்தாள். உண்மைக் காரணம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர், அவரும் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கைப்பையைத் திறந்து இல்லாத மாத்திரையைத் தேடினாள். தேடிக்கொண்டே, சாப்பாடு முடிந்ததும் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அறுபத்து நாலாம் எண் நான்தான். அவ்வளவுதான், நாலு வார்த்தை. காலையில் சென்னையில் ரயில் ஏறினதிலிருந்து இந்த நாலு வார்த்தையைத்தான் மென்றுகொண்டு வருகிறாள். அரக்கோணம் வரைக்கும் சுலபமாக இருந்தது. காட்பாடியில் இறங்கும்போது தொண்டையில் மாட்டிக்கொண்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு இந்த அரசுக் குழு முடிவெடுக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். பேர்ணாம்பட்டுப் பக்கம் கல்லேரி என்கிற ஊரில் நூறு வருஷமாக நடக்கும் ஒரு பள்ளியும் அதன் விடுதியும் இனிமேலும் இருக்கலாமா, அல்லது அங்கீகாரத்தை நீட்டிக்காமல் மூடிவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றியுள்ள பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடலாமா என்பது. கோலார் தங்கவயலில் இருபது வருஷம் மண்ணுக்கு அடியில் கிடந்துவிட்டுத் திரும்பிய முனியன் மேஸ்திரி என்பவர் கட்டிய பள்ளி அது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தன் மகனைக் கிணற்றடியில் உட்கார வைத்துப் பாடம் கேட்கச் சொன்னார்கள் என்பதற்காக, அந்த மனுஷன் சேரிப் பிள்ளைகளுக்கென்றே ஏழு பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. அதில் படித்தவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள், அதனால் நீண்டகாலப் பலன் ஏதாவது உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை தர வேண்டிய பொறுப்பு புள்ளியியல் இணை இயக்குநர் எம். வனிதாவுக்கு வந்தது. வந்த அன்றைக்கே, எனக்கு வேண்டாம், நான் அங்கே படித்தவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மேற்படி பள்ளியோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை" என்று குழு உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட தாளில் அவளும் போட்டாள், கை நடுங்காமல் போட்டாள். பொய் பழகிய கை அது. சாப்பாட்டில்தான் அதற்கு வெட்கம், கையெழுத்தில் இல்லை.

பொய் எப்போது பழகியது என்று வனிதாவுக்குத் தேதியோடு தெரியும். வேலூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம். அறைத் தோழி நல்ல பெண்தான், சீப்பைக்கூடப் பகிர்ந்துகொண்டாள், "நீங்க எந்த ஸ்கூல்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வனிதா அப்போது வனிதா இல்லை, பூங்காவனம். கல்லேரி என்று வாய் நிறையச் சொன்னாள் பூங்காவனம். அது என்ன பள்ளி என்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும், அந்தப் பெயரே போதும், வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் தோழியின் டிரங்குப் பெட்டி வராந்தாவின் அந்தக் கோடியில் வேறு அறையில் இருந்தது. சண்டை இல்லை, ஒரு சொல் இல்லை, வழியில் பார்த்தால் அதே சிரிப்பு. காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டு பூங்காவனம் மூன்று வருஷம் தூங்கினாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "வேலூர்ல ஒரு கவர்ன்மென்ட் ஸ்கூல்". வேலை கிடைத்த நாலாம் வருஷம் அரசிதழில் பெயரையும் மாற்றினாள். எண் ஜோதிடம் என்று சொன்னாள், எல்லாரும் நம்பினார்கள், ஒருத்தர் தனக்கும் ஜோதிடர் விலாசம் கேட்டார். ஆக, கல்லேரியில் படித்த பூங்காவனம் என்கிற பெண் உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போனாள். எவ்வளவு சுத்தமாக இல்லாமல் போனாள் என்றால், போன மாதம் கணக்கெடுப்பாளர்கள் 1987-ஆம் வருஷத்து விடுதிப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அறுபத்து நாலு பேரைத் தேடிப் போய்விட்டு வந்து, கடைசி எண்ணுக்கு எதிரே "தகவல் இல்லை" என்று எழுதி, அந்தத் தாளை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

தலைவர் சிவப்பிரகாசம் ஒரு வாய் விழுங்கிவிட்டு, "சாப்பிடுங்க மேடம், ஆறிடப்போகுது" என்றார். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நல்ல மனுஷன். காலையில் அவர் பேசியதும் நல்லெண்ணத்தோடு பேசியதுதான். "எதுக்கு இன்னமும் தனியா ஒரு ஸ்கூல்? எல்லாப் பிள்ளைங்களோடயும் சேர்ந்து படிக்கட்டுமே. நாமளே ஒதுக்கி வைக்கிற மாதிரி இல்ல? அதுவும், மேடம் ரிப்போர்ட்டே சொல்லுது, பலன்னு பெரிசா ஒண்ணும் இல்லைன்னு." மேடம் ரிப்போர்ட் அப்படித்தான் சொல்லியது. அறுபத்து நாலில் கண்டுபிடித்தது முப்பத்தைந்து பேரை. செங்கல் சூளை, தோல் பதனிடும் ஷாப், காலணிக் கம்பெனி, இரண்டு பேர் சத்துணவு, ஒருவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மீதி இருபத்தொன்பது பேரும் தகவல் இல்லை. தகவல் இல்லாதவர்களைக் கணக்கில் சேர்க்காமல் முடிவு எழுதுவதுதான் வழக்கம். வழக்கப்படி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், ராத்திரி தோசை ஊற்றும்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. எத்தனை வருஷமாகப் பார்க்கிற தொழில், இது தெரியாதா. காணாமல் போனவர்கள் ஆளுக்கொரு காரணத்தால் அங்கங்கே காணாமல் போயிருந்தால் பரவாயில்லை, எல்லாரும் ஒரே காரணத்துக்காகக் காணாமல் போயிருந்தால் கணக்கு பொய் சொல்லும். நான் காணாமல் போனது கெட்டுப் போனதாலா? நன்றாக வந்ததால்தானே. அந்த இருபத்தொன்பது பேரில் இன்னும் எத்தனை பேர் பெயரை மாற்றிக்கொண்டு, ஊரை மாற்றிக்கொண்டு, எங்கெங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. மேலே வந்தவர்கள் எல்லாரும் ஒளிந்துகொண்டோம், ஒளிய முடியாதவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்று நானே எழுதிவிட்டேன். தோசை கருகி வீடெல்லாம் புகை.

கண்டுபிடித்தவர்களில் ஒருத்தி அறுபத்து மூன்று. சம்பூர்ணம். சாப்பாட்டுக் கூடத்தில் அஞ்சு வருஷம் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்தவள், பேன் பார்த்தவள், பின்னம் வராது என்று அழுதவள், வனிதாவிடம் கற்றுக்கொண்டு கணக்கில் எழுபத்திரண்டு வாங்கியவள். காலணிக் கம்பெனியில் தையல் பிரிவு, மூன்று பிள்ளைகள், அதில் இரண்டு பட்டதாரிகள் என்று தாளில் இருந்தது. அதற்குக் கீழே கணக்கெடுப்பாளர் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அறுபத்து நாலு எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு இவர் ஒத்துழைக்கவில்லை, "அவ எங்க கீறான்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பென்சில் வரியை வனிதா எத்தனை தடவை படித்திருப்பாள். ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட், பதினைந்து வருஷம் முன்னால், புள்ளியியல் துறை என்று எழுதிய அரசு ஜீப்பில் வனிதா, டிரைவர் டீ வாங்கப் போயிருக்கிறார், கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து நீலச் சட்டையோடு கூட்டமாக வருகிறார்கள், அதில் சம்பூர்ணம். கண்ணும் கண்ணும் பார்த்தாயிற்று. சம்பூர்ணத்தின் வாய் பூ என்று குவிந்தும் விட்டது. வனிதா தலையைக் குனிந்து கையிலிருந்த கோப்பைப் புரட்டினாள். நிமிர்ந்தபோது சம்பூர்ணம் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். கோபம் இல்லை. அவள் காவல் காத்திருக்கிறாள். நான் ஒளிந்த இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் அவள் காவல் காத்திருக்கிறாள், நான் அவளைப் பலன் இல்லாதவள் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். இதை நினைக்கும்போதெல்லாம் வனிதாவுக்கு உடம்பு கூசியது. இப்போதும் கூசியது.

சரி, சொல்லிவிட்டால் என்ன ஆகும். பொய்க் கையெழுத்துக்கு விசாரணை வரும். ஓய்வுக்கு ஏழு வருஷம் இருக்கும்போது இணை இயக்குநர் மேல் விசாரணை. ஆபீஸில் அடுத்த நாளிலிருந்து வணக்கம் அதே வணக்கமாகத்தான் இருக்கும், வராந்தாவின் அந்தக் கோடிக்கு யார் யார் பெட்டியை நகர்த்துகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடியிருப்பில் கீழ்வீட்டு மாமி சாயங்கால வாக்கிங்குக்குக் கூப்பிடுவதை நிறுத்துவாளோ மாட்டாளோ. இளமதியிடம் என்ன சொல்வது. புனேயில் வேலை பார்க்கிற மகள், போன மாதம் போனில் கேட்டாள், "ஏம்மா, எல்லா அம்மாவும் ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப் வச்சுக்கிட்டு உயிரை வாங்குறாங்க, உனக்கு மட்டும் ஏன் ஒருத்தர்கூட இல்ல?" விளையாட்டாகத்தான் கேட்டாள். அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிற ஸ்டீல் தட்டில் 64 என்று ஆணியால் கீறியிருக்கிறதே, அது என்ன என்று சின்ன வயசில் கேட்டபோதும் இப்படித்தான், கடைக்காரன் போட்டது என்று சமாளித்தாகிவிட்டது. பெற்ற பெண்ணிடமே ஒரு தட்டைப் பற்றி உண்மை சொல்ல முடியாத பிழைப்பு. ஆனால் தலைவர் சொல்வதும் முழுக்கத் தப்பா? சேர்ந்து படிக்கட்டுமே என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை. சேர்ந்து படித்த இடத்தில்தான் கட்டில் காலியானது. கல்லேரியில் எந்தக் கட்டிலும் காலியாகவில்லை. அங்கே கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார்கள், அதெல்லாம் எங்கேயும் சொல்லிக்கொடுப்பார்கள். நீ யார் என்று யாருமே கேட்காத அஞ்சு வருஷத்தை எங்கே கொடுப்பார்கள்? பதினோரு வயசிலிருந்து பதினாறு வயசு வரைக்கும் பயப்படாமல் தூங்கி எழுந்த உடம்பு இது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் குனியச் சொல்லியும் முழுசாகக் குனியாமல் நின்றதென்றால் அந்த அஞ்சு வருஷத்தில் தின்ற சோறுதான். அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தச் சோறு. சமையல்கார லூர்து அக்கா பெரிய கரண்டியோடு கூடத்தின் நடுவில் நிற்பாள். ஒரு பக்கம் பையன்கள், ஒரு பக்கம் பெண்கள், எல்லார் தட்டிலும் எண் கீறியிருக்கும். அறுபத்து நாலு தட்டிலும் விழுந்த பிறகும் யாரும் தொடக் கூடாது. லூர்து அக்கா தனக்கு ஒரு தட்டு போட்டுக்கொண்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், அதுதான் கடைசித் தட்டு. அவள் உட்கார்ந்ததும் கடைசி எண்காரி "கடைசித் தட்டு ஆச்சு!" என்று கத்த வேண்டும், அப்புறம்தான் மொத்தக் கூடமும் கை வைக்கும். மேஸ்திரி போட்ட விதி. ஆண்டைகள் வீட்டு வாசலில் நின்றே தின்று வளர்ந்த மனுஷன் அவர், தன் பள்ளியில் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்க மற்றவர்கள் உட்கார்ந்து தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் செத்து எத்தனையோ வருஷம் கழித்தும் அது நடந்தது. பசி உயிர் போகும் சில நாள் பூங்காவனம் அவசரப்பட்டு முன்னாலேயே கத்திவிடுவாள். "இன்னாடி, நான் குந்தவே இல்ல, அதுக்குள்ள கூவுற?" என்று அக்கா கரண்டியை ஓங்குவாள், கூடமே சிரிக்கும். இந்தக் கை அங்கே பழகிய கை. எல்லாருக்கும் வரட்டும் என்று மரியாதைக்குக் காத்திருக்கிறவர்கள் எங்கேயும் உண்டு. பரிமாறியவள் உட்காரட்டும் என்று காத்திருக்கிறவர்களை வெளியுலகத்தில் வனிதா இதுவரை பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தவள் எதிர்வரிசையில் ஒரு கையைப் பார்த்தாள். சட்ட ஆலோசகர் கோதண்டபாணியின் கை. தட்டின் விளிம்பில், சோற்றைத் தொடாமல், விரல்கள் லேசாக மடங்கி. அவர் இடது கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார், ஆனால் போனைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற கஸ்தூரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்காது. சர்க்கரை மாத்திரையாக இருக்கும். சாம்பார் பிடிக்காத ஆளாக இருக்கும். வயசு என் வயசுதான். எந்த ஊர் என்று யாருக்காவது தெரியுமா? மூன்று கூட்டம் நடந்தாகிவிட்டது, தன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசிக் கேட்டதில்லை. அதுவே ஒரு அடையாளம், அது வனிதாவுக்குத் தெரியாதா. அவர் பார்வை கஸ்தூரியிடமிருந்து நகர்ந்து வந்து வனிதாவின் கையில் விழுந்தது. தொடாத சோற்றில் விழுந்தது. அப்புறம் முகத்துக்கு வந்தது. ஒரு வினாடிதான். மனுஷன் சட்டென்று குனிந்து சோற்றில் கையை விட்டுப் பெரிய பெரிய கவளமாக அள்ளிப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார், புரையேறியது, தண்ணீர் குடித்தார், மறுபடி அள்ளினார். வனிதாவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, ஆனால் அவர் மேல் இல்லை. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் கோப்பைப் புரட்டியதைச் சம்பூர்ணம் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரிந்திருக்கும்.

போதும் என்று நினைத்தாள். யோசித்து யோசித்து நின்ற இடத்திலேயே நிற்பது போதும்.

"கஸ்தூரி, ஒரு தட்டு எடுத்துப் போட்டுக்க. இந்த நாற்காலியில குந்து."

குந்து. இருபத்தைந்து வருஷமாக ஆபீஸில் அவள் வாயிலிருந்து வராத சொல், தானாக வந்துவிட்டது. ஒருவர் லேசாகச் சிரித்தார். "இருக்கட்டும் மேடம், நான் அப்பால சாப்டுறேன்," என்று கஸ்தூரி நெளிந்தாள். சாதாரணமாக அந்த ஒரு பதில் போதும், அதைச் சாக்காக வைத்துக் கையை ஏமாற்றிச் சாப்பிட வைத்துவிடுவாள் வனிதா. இன்றைக்கு ஏமாற்ற மனசில்லை. "நீ குந்தினாத்தான் நான் சாப்பிடுவேன். எனக்குப் பசிக்குது," என்றாள். கஸ்தூரி தலைவரைப் பார்த்தாள், தலைவர் ஒன்றும் புரியாமல், "உட்காரும்மா, உட்காரு" என்றார். அவள் தட்டில் கொஞ்சமாகச் சோறு போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கடைசித் தட்டு ஆச்சு என்று வனிதா மனசுக்குள் கத்தினாள். எதிரே கோதண்டபாணியின் கை பாதி வழியில் நின்றதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். சாம்பாரில் உப்புக் கம்மி. அப்பளம் நன்றாக இருந்தது.

இரண்டரை மணிக்குத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "அப்போ, மேடம் அறிக்கையை ஏத்துக்கிட்டு, நீட்டிக்க வேண்டாம்னு எழுதிடலாமா?"

"அறிக்கை தப்பு சார்," என்றாள் வனிதா. "இருபத்தொன்பது பேரைத் தகவல் இல்லைன்னு போட்டிருக்கேன். அதுல அறுபத்து நாலாம் எண் நான்தான். என் பேரு பூங்காவனம். அஞ்சு வருஷம் அந்த விடுதியில இருந்தேன். என்னைத் தேடி வந்தவங்களுக்கு நானே இல்லைன்னு டிக் போட்டேன். மத்தவங்களும் இப்படித்தான் இல்லாம இருக்காங்கன்னு நினைக்கிறேன். அவங்களைத் தேடாம இந்தப் பள்ளிக்கூடத்தால பலன் இருக்கா இல்லையான்னு யாரும் சொல்ல முடியாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "என்னம்மா இது, தொடர்பு இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே," என்றார். பிறகு சட்ட ஆலோசகர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. இது விதிமீறல்தானே?"

கோதண்டபாணி பேனா மூடியைத் திறந்தார், மூடினார். வனிதா அவரைப் பார்க்கக் கூடாது என்று தன் முன்னால் இருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரவர் ஒளிந்த இடம் அவரவருக்கு, அதைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சம்பூர்ணத்திடம் இப்போதாவது கற்றுக்கொண்டாயிற்று. கஸ்தூரி தட்டுகளை எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"விதிமீறல்தான் சார்," என்றார் அவர். "நடவடிக்கை எடுக்கணும். ஆனா ஒருத்தர் மேல இல்ல. ரெண்டு பேர் மேல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, மேஜைக்கு இந்தப் பக்கம் குனிந்து சொன்னார். "பத்தொன்பதாம் நம்பரையும் திருத்திக்குங்க மேடம்."

வனிதா பேனாவை எடுத்தாள். பத்தொன்பதுக்கு எதிரே இருந்ததை அடித்தாள், அறுபத்து நாலுக்கு எதிரே இருந்ததையும் அடித்தாள். இன்னும் இருபத்தேழு பேர்.